தர்ஷி அடங்கிவிட்டாள் என்றார்கள்

பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் எல்லாரும் ஒன்றாகச் சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். புது வீட்டில் சிமெந்து வாடை இன்னும் போகவில்லை. சுவரில் சாய்ந்தவர்கள் முதுகில் எல்லாம் சுண்ணாம்பு.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தனி வீடு கிடைத்த சில குடும்பங்களில் எங்களதும் ஒன்று. நோர்வூட் பக்கத்துக் குளிரில் அந்தக் காலை வேளையில் போர்வையை விட்டு எழும்பவே மனம் வராது. ஆனாலும் பழைய லயத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற என் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, நாளைக்கு மழையில் எந்த முகத்தோடு லொறிக்குக் கைகாட்டுவது என்றும் சிலர் நினைத்திருக்கலாம். எப்படியோ வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள்.

என் மகள் தர்ஷிகா இனிப்புத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். பன்னிரண்டு வயது. சீப்பைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, அன்று என் மனைவி செல்வி முன்னால் அசையாமல் உட்கார்ந்து தலையைப் பின்னவிட்டிருந்தாள். எண்ணெய் மினுங்கும் இரட்டைப் பின்னல், பச்சைப் பாவாடை, கையில் தட்டு.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த மாரியாயி அக்கா அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

“என்னா தம்பி, இது நம்ம தர்ஷி தானா? வீட்டச் சாவியோட குடுக்கும்போது புள்ளயையும் மாத்திக் குடுத்துட்டாங்களா?”

வீடே சிரித்தது. தர்ஷி கன்னத்திலிருந்து அந்தக் கை எடுபடும்வரை நின்றாள். பிறகு அடுத்தவர் முன்னால் தட்டை நீட்டினாள்.

முன்பென்றால் அந்தக் கையைக் கடித்திருப்பாள். கடித்தும் இருக்கிறாள்.

“அடங்கிட்டா”, “பொறுப்பு வந்துருச்சு”, “எல்லாம் வீட்டு ராசி” என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை வருடம் இழுத்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை லொறியைப் பற்றியும், வளைவுகளைப் பற்றியும், தோட்டத்துத் தொரைமாரைப் பற்றியும் எழுதிவந்தேன். அதெல்லாம் எழுதச் சுலபம். இந்த வாரம் எழுதப்போவதை நினைத்தாலே உடம்பு அசந்து போகிறது.

கூரையைத் தொடாத சுவர்

லயத்தில் வாழாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயம் வெள்ளைக்காரன் காலத்தது. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, மேலே தகரம். காம்பராவுக்குக் காம்பரா நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி விட்டே கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கல் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

அந்த இடைவெளி வழியாக எல்லாம் போகும். கருவாடு பொரித்தால் வாடை போகும். அடுப்புப் புகை போகும். இருமினால் அடுத்த காம்பராவில் இருந்து “தம்பி, கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க” என்று பதில் வரும். புருசன் பொஞ்சாதி சண்டை போடுவதென்றால் கூட ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ரேடியோ சத்தம் கூடினாலே என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு கதை.

ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் ஆட்கள் வருவதில்லை. கத்தினால் வரமாட்டார்கள். கத்தல் அன்றாடம் உள்ளது. வாய்விட்டு அழுதால் மட்டும் லயம் முழுக்க ஓடி வரும். ஏனென்றால் எங்களிடம் வாய்விட்டு அழுகிறார்கள் என்றால் சாவு என்று அர்த்தம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அந்த ஒன்றுக்காகவே லயத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். எத்தனையோ சாவு வீட்டில் நான் அதைக் கண்டவன்.

தர்ஷிக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும். ஒரு மத்தியானம் காம்பராவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சின்ன அழுகை இல்லை, தொண்டை கிழிய. செல்வி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நான் ஃபெக்டரியில். லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்திருக்கிறார்கள். கீழ் லயத்தில் தன் அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் ஓடி வந்து, “யாரு? யாரு போயிட்டா?” என்று கேட்டிருக்கிறாள்.

யாரும் போகவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்குத் தர்ஷி தெரியவில்லை என்றிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம். “ஒண்ணுமில்லாததுக்காடி இப்புடி ஒப்பாரி வச்ச? எனக்கு உசுரே போயிருச்சு!” என்று நன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது. கூட வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. ‘ஒப்பாரி’ என்றே தர்ஷிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் மறைந்தும் போனது.

அதற்குப் பிறகு என் மகள் அழுது நான் பார்க்கவில்லை. விழுந்து முட்டி கிழிந்து வந்தபோதும் இல்லை. கெட்டிக்காரி, மனசு கல் என்று அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம்.

சாக்கை அடித்த கதை

அழுகை நின்ற இடத்தில் சண்டை வந்தது.

எதற்கெடுத்தாலும் முடியாது. குளிக்கச் சொன்னால் முடியாது, சாப்பிடச் சொன்னால் முடியாது. பள்ளிக்கூடப் பையைக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் போட்டாள். வகுப்பில் டீச்சர் எழும்பச் சொன்னால் உட்கார்ந்திருப்பாள், உட்காரச் சொன்னால் நிற்பாள். கோயிலில் பூசாரி மந்திரித்துக் கட்டிய கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, வாசலில் அவர் பார்க்கவே துப்பினாள். செல்வி பத்து நாள் அந்தப் பூசாரி முகத்தில் முழிக்கப் பயந்துகொண்டு வேறு பாதையில் மலைக்குப் போனாள்.

லயத்தில் பிள்ளை வளர்ப்பது தனி ஆள் விஷயம் கிடையாது. எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பிள்ளை தப்பு செய்தால் பெற்றவர்கள் கண்டிக்க வேண்டும். கண்டித்தது சுவருக்கு மேலால் கேட்கவும் வேண்டும். கேட்காவிட்டால் கண்டிக்கவில்லை என்றுதான் கணக்கு.

“அப்பன் குடுக்குற செல்லம். நாலு சாத்து சாத்துனா சரியாயிரும்” என்று மாரியாயி அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். மனசில் ஒன்றும் இல்லாத மனுசி. தான் பெற்ற நான்கையும் அப்படித்தான் வளர்த்தார்.

எனக்குக் கை வராது. என் அப்பாவிடம் வாங்கியது போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஊர் வாயை மூட வேண்டுமே. ஒரு நாள் மாரியாயி அக்காவின் பேரனைத் தர்ஷி தள்ளிவிட்டு, அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. அன்றைக்கு ஏதாவது செய்யாமல் முடியாது. தர்ஷியைக் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். மூலையில் மாட்டெரு அள்ளும் பழைய சாக்கு ஒன்று சுருட்டி வைத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றி அந்தச் சாக்கை விளாசினேன். “இனிமே செய்வியா? செய்வியா?” என்று வேறு கத்தினேன். நீயும் கொஞ்சம் கத்து என்று தர்ஷிக்குக் கையால் சாடை காட்டினேன்.

அவள் சுவரோடு நின்று என்னைப் பார்த்தாள். பிறகு லயம் அதிரக் கத்தினாள்:

“சாக்க அடிக்கிறாரு! எங்கப்பா சாக்க அடிக்கிறாரு! என்னைய அடிக்கல!”

சுவருக்கு மேலால் முதலில் வந்தது மாரியாயி அக்காவின் சிரிப்பு. பிறகு அதற்கு அடுத்த காம்பரா. பிறகு லயம் முழுக்க.

அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறியை நிறுத்தினால், பெண்கள் வரிசையில் நின்றபடியே, “டிரைவர் அண்ணே, சாக்குக்கு வீக்கம் வத்திருச்சா?” என்று கேட்டார்கள். மாதக்கணக்கில் கேட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா கூடத் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் கொஞ்ச நாளில் சிரிப்பு வந்துவிட்டது.

தர்ஷி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதற்குமே சிரித்து நாளாகியிருந்தது. அவள் போடுகிற சத்தத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

தெரியல

பள்ளிக்கூட அதிபர், எங்களுக்குப் பெரிய சேர், கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

“நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. மத்தப் புள்ளைங்களும் படிக்கணும்ல? ஒண்ணு நீங்க திருத்துங்க. இல்லாட்டி எங்கயாவது ஹொஸ்டல்ல விட்டுப் பாருங்க. அங்க கண்டிப்பா இருக்கும், தன்னால அடங்கிருவா.”

செல்விக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விடிந்தால் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டு, பொழுதுக்கும் மலை, அந்தியில் வீட்டுக்கு வந்தால் மகளோடு மல்லுக்கட்டு. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “எங்கயாச்சும் விட்டுருவோங்க. எனக்குத் தெம்பு இல்ல” என்றாள். அடுத்த நிமிடமே, “விட்டுட்டு நான் எப்புடி இருப்பேன்?” என்றும் அவளேதான் கேட்டாள்.

நான் தர்ஷியிடம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். லொறியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். வடை வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

“ஏம்மா இப்புடிச் செய்யுற?”

“தெரியல.”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“தெரியலன்னு சொல்றேன்ல!”

எல்லாரும் அதைத் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் லயத்திலேயே பொய் கலக்காமல் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

இந்த நேரத்தில்தான் தனி வீடு கிடைத்தது. ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, நான்கு பக்கமும் நமக்கே நமக்கென்று சுவர். சாவி கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தர்ஷியின் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. பால் காய்ச்சிய அன்று சுத்தமாக நின்றிருந்தது.

உப்புப் போட்ட தேத்தண்ணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூவரும் குசினியில் இருந்தோம். புதுக் குசினியில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று செல்விக்கு இன்னும் கைப்பழக்கம் வரவில்லை. சீனியும் உப்பும் ஒரே மாதிரியான பால்மா டின்களில். மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள்.

நான் சுடச்சுடக் குடிக்கமாட்டேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டு மெதுவாக எடுத்து ஒரு வாய் வைத்தேன். அப்படியே துப்பினேன். கடல் தண்ணி மாதிரி உப்பு.

“என்னாடி இது, ஆளக் கொல்லவா பாக்குற?” என்றேன். செல்வி தன் கோப்பையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம்.

பிறகுதான் தர்ஷியைப் பார்த்தேன். அவள் கோப்பை காலியாக இருந்தது. அடியில் கரையாத உப்பு மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“குடிச்சிட்டியா?”

தலையாட்டினாள்.

“உப்பு கரிக்கலயா?”

“கரிச்சுச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“என்னா சொல்றது?” என்றாள். கோபமில்லை. சலிப்புகூட இல்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சீனி ஒரு கரண்டி குறைந்தாலே கோப்பையைச் சுவரில் அடிக்கிற பிள்ளை அவள்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டையை மாற்றாமல் அப்படியே படுப்பாள். இருட்டினாலும் எழும்பி லைட் போடமாட்டாள். தட்டில் போட்ட சோற்றை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு எழும்புவாள். அவள் விரும்பிப் பார்க்கிற நாடகம் ஓடும்போது வேண்டுமென்றே நான் செய்திக்கு மாற்றினேன். முன்பென்றால் ரிமோட் என் மண்டையில் வந்து விழும். அவள் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வாடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் பாட்டைப் பாருங்கள், எந்த அப்பன் இப்படிக் கெஞ்சுவான்?

அப்போது எனக்குச் சந்திரன் ஞாபகம் வந்தது. என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். யாருக்கும் அடங்காதவன். வாத்தியார் பிரம்பைப் பிடுங்கி முறித்தவன். அவன் அப்பா தினமும் இஸ்தோப்பில் கட்டி வைத்து அடிப்பார். ஒரு தவணையில் அவன் திடீரென்று அமைதியாகிவிட்டான். முன் வாங்கில் வந்து உட்கார்ந்தான். திருந்திவிட்டான் என்று வாத்தியார் எங்கள் எல்லாருக்கும் அவனைக் காட்டிச் சொன்னார். கொஞ்ச நாளில் அவன் இடம் காலியாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான் என்று பெரியவர்கள் எங்களிடம் சொன்னார்கள். அவன் எங்கும் போகவில்லை என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரியவந்தது.

இதற்கு மேல் அவனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருக்கணும் மொதல்ல

தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸை மழை நாட்களில் நான் லொறியில் ஏற்றி வருவதுண்டு. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வீட்டு ராசி என்று சொல்லவில்லை. டவுன் ஆசுபத்திரியில் பிள்ளைகளுக்கென்று மனநல கிளினிக் நடப்பதாகவும், உடனே கூட்டிக்கொண்டு போகும்படியும் சொன்னார்.

செல்வியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“சத்தம் போட்டப்பவும் குத்தம். இப்ப போடாட்டியும் குத்தமா? புள்ள அமைதியா இருக்குறது உங்களுக்குப் பொறுக்கலயா?”

“அமைதியா இல்ல செல்வி. வேற என்னமோ.”

“பைத்திய டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?”

“கட்டுறவனப் பத்தி அப்புறம் பாப்போம். மொதல்ல புள்ள இருக்கணும்.”

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. செல்வி கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நடுவில் நான்

கிளினிக்கில் டொக்டர் ஒரு இளம் சிங்களப் பெண். “பேர் என்ன? சாப்பிட்டீங்களா?” என்ற அளவுக்குத் தமிழ் வைத்திருந்தார். அதற்கு மேல் போகவில்லை. தமிழ் பேசுகிற தாதி அன்றைக்கு லீவு. அவர் வரும் நாளுக்கு மாற்றித் தரட்டுமா என்று டொக்டர் கேட்டார். பிறகு தர்ஷியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம், இன்றைக்கே பேசுவோம் என்றார்.

“உங்களுக்குச் சிங்களம் நன்றாக வருகிறது. வழக்கமாக நான் அப்பாவை வைத்து இதைச் செய்யமாட்டேன். பிள்ளை சொல்வதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்பதையும் அப்படியே பிள்ளையிடம் கேளுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார்.

என் சிங்களம் கராஜில் படித்தது. கியர் பெட்டிக்கும் போலிஸ்காரருக்கும் அது தாராளமாகப் போதும். நம்மால் முடியாததா என்றுதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன்.

முதலில் தூக்கம், சாப்பாடு. அதெல்லாம் சிரமமில்லை. பிறகு டொக்டர், முன்பு நீ நிறையச் சண்டை பிடிப்பாயாமே, இப்போது ஏன் பிடிப்பதில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

தர்ஷி தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“லயத்துல அழுதா எல்லாரும் வந்துருவாங்க. என்னான்னு கேப்பாங்க. எனக்குச் சொல்லத் தெரியாது. கத்துனா யாரும் வரமாட்டாங்க. அதான் அழுக வந்தா கத்துவேன்.”

அதை எப்படியோ சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

“இப்போது தனி வீடுதானே?”

“ஆமா. இப்ப அழுதா யாருக்கும் கேக்காது. ஆனா அழுக வரல. கத்தவும் வரல. ஒண்ணுமே வரல.”

அதையும் சொன்னேன். டொக்டர் பேனாவை மூடி வைத்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தர்ஷியைப் பார்த்தபடியே, என்னிடம் ஒரு கேள்வியைச் சொன்னார். நிதானமான குரல். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரியே கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அதைத் தமிழில் என் பிள்ளை முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. வெளியே யாரோ மருந்துச் சீட்டு நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெட்டோல் வாடை.

“தர்ஷி… டொக்டர் கேக்குறாங்க… மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கான்னு.”

தர்ஷி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

“அவங்க அதக் கேக்கல.”

நான் டொக்டர் பக்கம் திரும்பினேன்.

“செத்துப்போகணும்னு நினைக்கிறியான்னு கேட்டாங்க. ஏம்ப்பா மாத்திக் கேக்குறீங்க?”

“சரிம்மா” என்றேன்.

“தோணும்” என்றாள். “அடிக்கடி இல்ல. காலையில எழுப்பும்போது தோணும். விடியாமலே இருந்தா நல்லாருக்கும்னு.” பிறகு, “இத மாத்தாம சொல்லுங்க அவங்ககிட்ட” என்றாள்.

தினமும் விடியற்காலை அவளை எழுப்புகிறவன் நான்தான்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், கராஜில் படித்த அந்தச் சிங்களத்தில், என் மகளுக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு அந்நிய மனுசியிடம் சொன்னேன். முப்பது வருடமாக இந்த மலைப் பாதைகளில் லொறி ஓட்டுகிறேன். பிரேக் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன். அப்படிப் பயந்தது அன்றைக்கு மட்டும்தான்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு மனசு உடைந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவோம், பிள்ளைகளில் சிலருக்கு அது கோபமாகவும் அடங்காத்தனமாகவும் வரும், எல்லாரும் அந்தக் கோபத்தை மட்டும் பார்த்து அதற்கு வைத்தியம் செய்வார்கள் என்றார். “அவள் சண்டை பிடித்தபோது அவளிடம் தெம்பு இருந்தது. இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது. நல்ல வேளை கூட்டிக்கொண்டு வந்தீர்கள்” என்றார்.

எதனால் வந்தது என்று கேட்டேன். ஒரு காரணம் இருந்தால் அதைப் பிடித்துக் கழற்றிப் போட்டுவிடலாமே என்று எனக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்காது, இப்போதைக்கு அதைத் தேட வேண்டாம், அவளைத் தனியாக விட வேண்டாம், சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள் என்றார். அடுத்த முறை தமிழ் பேசுகிற தாதி இருப்பார், நீங்கள் வெளியே உட்காரலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டுத் தர்ஷிக்கு நிம்மதி என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் நிம்மதிதான். கொஞ்சம் வலித்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது

கிளினிக்குக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். அந்த நாட்களில் லொறியை வேறு ஆள் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் போகிறேன். செல்வி முதலில் வரவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். இப்போது மூவரும் போகிறோம். பஸ்ஸில் யாராவது எங்கே என்று கேட்டால் ஆசுபத்திரிக்கு என்கிறோம். யாருக்கு என்ன என்று கேட்டால், மகளுக்கு மனசு சரியில்லை என்று செல்வியே சொல்கிறாள். முதல் தடவை சொன்னபோது அவள் குரல் இறங்கியது. இப்போது இறங்குவதில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய சேர், “இப்பத்தான் நல்லா இருக்காளே தம்பி, அப்புறம் எதுக்கு வைத்தியம்?” என்றார். விளக்கிச் சொன்னேன். விளங்கியதா என்று தெரியவில்லை. மாரியாயி அக்கா நேரில் வந்து கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், “அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது தம்பி” என்றார். எல்லாருமே சிரித்தோம் அக்கா, நானும்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

சில காலை எழுப்பியதும் எழும்புகிறாள். சில காலை எழும்பமாட்டாள். எழும்பாத நாளில் செல்வி வேலைக்குப் போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஃபெக்டரியில் இருந்து நடுநடுவே போன் போட்டு என்ன செய்கிறாள் என்று கேட்கிறேன். படுத்திருக்கா, கொஞ்சம் சாப்பிட்டா, தூங்குறா. இப்படியே நாட்கள் போகின்றன. அலுப்பாக இருக்கிறது. அலுப்பாக இருக்கிறது என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது, தட்டுகிறேன்.

இந்தக் கதையைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று தர்ஷியிடமே கேட்டேன். வேண்டாமென்றால் இந்த வாரமும் லொறியைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் எழும்பிப் போகலாம் என்று இருந்தபோது சொன்னாள்.

“எழுதுங்க. சாக்கு, உப்பு எல்லாம் எழுதுங்க. ஆனா கடைசியில நான் நல்லா ஆயிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க.”

எழுதவில்லை.